மூக்கர் போட்ட ஏழு

எரிவாயு அலுவலகத்தில் அவருக்கு மூக்கர் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. இருபத்தாறு வருடமாகக் கசிவு பார்க்கும் பிரிவில் இருக்கிறார். தெருவில் வண்டியை நிறுத்தி இறங்கி, தலையைச் சற்றுத் தூக்கி, இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டு, "மூணாவது வீடு, பின்பக்கம்" என்பார். மற்றவர்கள் கருவியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் மூன்றாவது வீட்டின் பின்பக்கம்தான் முள் துள்ளும். புதிதாகச் சேருகிறவர்களிடம் அலுவலகத்தில் முதலில் காட்டுவது குழாய் வரைபடத்தை அல்ல, அவரைத்தான். அவரும் அதற்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார்.

அந்த மூக்கு பதினான்கு மாதங்களுக்கு முன் போய்விட்டது. சாதாரண சளிக்காய்ச்சல்தான். ஒரு வாரம் படுத்தார், எழுந்தார், பல் துலக்கினார். பற்பசை நாக்கில் குளிர்ந்தது, ஆனால் மணக்கவில்லை. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று இருந்தார். சளி இறங்கியது, மணம் ஏறவில்லை. காபி வெந்நீராக இருந்தது. சோப்பு வழுக்கும் கல்லாக இருந்தது. ஒரு நாள் வேலையில் குழாய் மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். எரிவாயுவுக்கென்று தனியாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு கெட்ட நாற்றத்தைக் கலந்து அனுப்புவார்கள். இருபத்தாறு வருடமாக அவருக்குச் சோறு போட்ட அந்த நாற்றம் அன்று வரவில்லை. பக்கத்தில் நின்ற கூட்டாளி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார். மூக்கரும் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்.

அன்றிலிருந்து பொய்தான். ஆனால் ஒன்று, வேலையில் அவர் யார் உயிரோடும் விளையாடவில்லை. முன்பு, "கருவியெல்லாம் மூக்கில்லாதவனுக்கு" என்று கேலி பேசியவர், இப்போது வண்டியை விட்டு இறங்கும்போதே கருவியோடுதான் இறங்கினார். ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்தார், இரண்டாவது முறையும் பார்த்தார், ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதினார். வருடாந்திரக் கூட்டத்தில் பிரிவுத் தலைவி அவரை எழுப்பி நிறுத்தி, இத்தனை அனுபவம் உள்ளவரே விதிமுறையை எப்படிக் கடைப்பிடிக்கிறார் பாருங்கள் என்று சொல்லி ஒரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மூக்கருக்குக் காது சுட்டது.

வீட்டில் சமாளிப்பது இன்னும் கஷ்டம். மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். முன்னால் ஒரு கண், கண்ணாடியில் ஒரு கண் என்று முப்பது வருடப் பழக்கம். அவள் பாத்திர மூடியைத் திறக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பார். முகம் மலர்ந்தால் "அடடா, வாசனை தூக்குதே" என்பார். சுளித்தால், "இது கெட்டுப் போச்சு, கொட்டிடு" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காலை முறை வண்டி ஓட்டி முடித்து வந்தபோது அவர் முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அடுப்பங்கரைக் கதவு சாத்தியிருந்தது. அவள் வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, ஏதோ வாசனை வரலை?"

அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பக்கத்து வீட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க போல" என்றார்.

அவள் நேராகப் போய் அடுப்பங்கரைக் கதவைத் திறந்தாள். பால் முழுக்கச் சுண்டி, பாத்திரம் அடிபிடித்துக் கரியாகி, புகை சுருள் சுருளாக வந்தது. அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பெயிண்ட் என்ன கலருங்க?" என்றாள்.

பத்து நாள் கழித்து இருவரும் மருத்துவமனையில் மூக்கு மருத்துவரின் அறையில் இருந்தார்கள். "இவளுக்குத்தான் சந்தேகம் டாக்டர். எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் மூக்கர். அன்று காலை வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். உண்மையைச் சொன்னால் மறுநாளே அலுவலகத்துக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. மூக்கு இல்லாத மூக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

மருத்துவர் முதலில் பேனா மாதிரியான குச்சிகளால் சோதித்தார். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மூக்கின் கீழே காட்டி, நான்கு பெயர்களைச் சொல்லி எது என்று கேட்பார். புதினாவைச் சரியாகச் சொன்னார் மூக்கர், மூக்குக்குள் குளிர்ந்ததே. வினிகரையும் சொன்னார், அது சுருக்கென்று குத்தியது. மற்றதற்கெல்லாம் மருத்துவரின் புருவத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். மருத்துவரின் புருவம் மனைவியின் முகம் அளவுக்கு ஒத்துழைக்கவில்லை.

மருத்துவர் தாளைப் பார்த்தார். "குத்தறதெல்லாம் சரியாச் சொல்றீங்க. பூ, பழம் எல்லாம் தப்பு. மூக்குல எரியறது, குளிர்றதை உணர்ற நரம்பு வேற, மணத்தை உணர்றது வேற. ஒண்ணு பண்ணுவோம். நீங்க சொல்றதை நான் எழுதிக்கறதுக்குப் பதிலா, உங்க மூளை என்ன சொல்லுதுன்னு நேராப் பாத்துடலாம்."

"மூளையா?"

"வலிக்காது. தலையில கம்பி ஒட்டுவாங்க. மணம் மூக்குக்குள்ள போனா மூளையில ஒரு சின்ன மின் அலை எழும்பும். அது எழும்புதா இல்லையான்னு பாக்கறது. நம்ம விருப்பத்துக்கு அது ஆடாது."

கடைசி வாக்கியம் மூக்கருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் மனைவி அதற்குள் தேதி வாங்கிவிட்டாள்.

சோதனை அறை கட்டடத்தின் கோடியில் இருந்தது. உள்ளே எந்தத் துணியும் இல்லை, திரைகூட இல்லை. எதிலும் மணம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எல்லாம் கண்ணாடியும் எஃகும். கூரையில் ஒரு விசிறி காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்யும் பரிசோதகர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். சென்ட் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது.

"நீங்க எதையுமே போட்டுக்க முடியாதாம்மா?"

"என் கல்யாணத்தன்னிக்குக்கூட மறுநாள் வேலை இருந்தது சார். பூ வேணாம்னு சொல்லிட்டேன். மாமியார் இன்னும் மறக்கல." அவருடைய தலையைப் பார்த்து அவள் திருப்தியோடு சேர்த்துச் சொன்னாள்: "வழுக்கை ரொம்ப வசதி. இல்லேன்னா முடியை விலக்கி விலக்கி ஒட்டவே அரை மணி ஆகும்."

குளிர்ந்த பசை வைத்து ஐந்து இடத்தில் கம்பிகளை ஒட்டினாள். கண்ணுக்கு மேலே ஒன்று, இமைத்தால் தெரிவதற்கு. மூக்குத் துவாரத்தில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தினாள். அதில் வெதுவெதுப்பான ஈரக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூட்டிலேயே இருப்பதால் சற்று நேரத்தில் அது ஓடுவதே மறந்துவிடும். இடையிடையே அந்தக் காற்றில் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மட்டும் மணம் கலந்து வரும். எப்போது வரும் என்று சொல்ல மாட்டார்கள். இயந்திரத்தின் சொடுக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று காதில் மழை இரைச்சல் போல ஒன்றை ஓடவிட்டாள்.

"வாயால மூச்சு விடுங்க. திரையில ஒரு புள்ளி நகரும், இந்தக் குச்சியால அதை வட்டத்துக்குள்ளயே வெச்சுக்கங்க, இல்லேன்னா தூங்கிடுவீங்க. அப்பப்போ திரையில ஒரு கேள்வி வரும். இப்ப வந்த மணம் எவ்வளவு பலமா இருந்ததுன்னு பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும் ஒரு எண் போடுங்க. அவ்வளவுதான்."

அவள் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். பார்ப்பதற்கு ஒரு முகமும் இல்லை. மூக்கர் தனியாகத் தன் மூக்கோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் சுற்று சோடா பாட்டிலில் இருக்கிற வாயு. அது வந்ததும் மூக்குக்குள் ஊசி முனையால் தொட்ட மாதிரி இருந்தது. எட்டு போட்டார், ஒன்பது போட்டார், தைரியம் வந்தது. வலது துவாரம் முடிந்து இடது துவாரம். பிறகு இரண்டாவது சுற்று. புள்ளி நகர்ந்தது, மழை இரைந்தது. ஒன்றும் வரவில்லை. கேள்வி வந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு ஏழு போட்டார். அடுத்ததற்கு ஆறு. எல்லாவற்றுக்கும் ஏழு போட்டால் நம்ப மாட்டார்கள் என்று நடுவில் ஒரு ஐந்தும் போட்டார். அழுகிய முட்டையையும், ரோஜாவையும், மழைக்குப் பிந்திய மண்ணையும் தன் பலம் முழுவதையும் திரட்டி நினைத்துக்கொண்டார். நினைத்தால் அலை எழும்பிவிடாதா என்று ஓர் ஆசை. நெற்றி வியர்த்தது.

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. பரிசோதகர் அவர் காதிலிருந்து இரைச்சலை எடுத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குரலில் கோபம் இல்லை.

"சார், இந்த ரெண்டாவது சுத்துல இதுவரைக்கும் இருபது தடவை கேள்வி வந்திருக்கு. அதுல ஆறு தடவை நான் எதுவுமே அனுப்பல. வெறும் காத்துதான். அதுக்கும் ஏழு போட்டிருக்கீங்க."

மூக்கர் திரையைப் பார்த்தார். புள்ளி வட்டத்தை விட்டு எங்கேயோ போய்விட்டிருந்தது.

"ஒரு தடவை எட்டு" என்றாள் அவள்.

மூக்கர் எழப் பார்த்தார். தலையில் கம்பி, மூக்கில் குழாய். எழுந்து போகவும் முடியாது. பிறகு சொன்னார். பற்பசையிலிருந்து ஆரம்பித்துப் பாராட்டுக் கடிதம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல மார்பிலிருந்து ஏதோ கழன்று கீழே விழுகிற மாதிரி இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. பதினாலு மாசமா ஒண்ணுமே தெரியல. என்னை மூக்கர்னு கூப்பிடறாங்க. அது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது."

அவள் பேப்பர் துண்டு ஒன்றை எடுத்து அவர் நெற்றியை ஒற்றினாள். "வியர்த்தா கம்பி கழண்டுடும் சார்" என்றாள். பிறகு, "இந்தச் சுத்தை மறுபடி ஆரம்பிப்போம். இந்தத் தடவை தெரியலேன்னா பூஜ்யம் போடுங்க. வெட்கமே வேணாம். பூஜ்யமும் எனக்கு ஒரு எண்தான்" என்றாள்.

ஒவ்வொரு துவாரத்துக்கும் நாற்பது முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை நிமிடத்துக்கு மேல் இடைவெளி. மூக்கர் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டார். போடப் போட மனம் லேசாகியது. புள்ளியை வட்டத்துக்குள் வைத்திருப்பதுகூட விளையாட்டாகிவிட்டது. கடைசி பத்தில் அவர் வட்டத்தின் நடு மையத்திலேயே புள்ளியை நிறுத்த முயன்றுகொண்டிருந்தார்.

வெளியே நடைபாதையில் மனைவி சீருடையோடு காத்திருந்தாள், மதிய முறைக்குப் போக வேண்டும். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தலையில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"எனக்கு மணமே தெரியறதில்ல" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள்.

"பாலுக்கு அப்புறமா?"

"போன வருஷம் நீங்க காய்ச்சல்லேருந்து எழுந்த ரெண்டாவது மாசத்துலேருந்து. நான் மூடியைத் திறந்ததும் நீங்க பாத்திரத்தைப் பாக்கறதில்ல, என் மூஞ்சியைத்தான் பாக்கறீங்க. கல்யாணமான புதுசுலகூட நீங்க என்னை இப்படிப் பாத்ததில்ல."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம், தினமும் நம்ம மூஞ்சியை ஒருத்தர் பாக்கறாரேன்னு கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்தது." அவர் காதோரம் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டி எடுத்தாள். "பாத்திரம் போனதும் பொறுமையும் போச்சு."

மறுவாரம் முடிவு வந்தது. மருத்துவரின் மேசையில் நான்கு கோடுகள் உள்ள தாள். பரிசோதகரும் வந்திருந்தாள். முதல் இரண்டு கோடுகள் சோடா வாயுவுக்கானவை, இரண்டிலும் நல்ல உயரமான மேடு. மூன்றாவது கோடு வலது துவாரத்துக்குள் ரோஜா மணம் போனபோது எடுத்தது. தட்டையாக இருந்தது, வயல் வரப்பு அளவுகூட இல்லை. மூக்கர் எதிர்பார்த்தது அதைத்தான்.

நான்காவது கோட்டின் மேல் பரிசோதகர் பேனாவின் பின்முனையை வைத்தாள். "இது இடது பக்கம். ரோஜா உள்ள போய் அரை நொடியில, இங்க பாருங்க."

சின்ன மேடுதான். ஆனால் மேடு.

"அப்படீன்னா?"

"நீங்க பூஜ்யம் போட்ட இடத்துல உங்க மூளை பூஜ்யம் போடல சார்."

மூக்கருக்குப் புரியவில்லை. மருத்துவர் விளக்கினார். ஒரு தடவை எழும்பும் அலை மூளையின் மற்ற சந்தடியில் காணாமல் போய்விடும். சந்தைக் கடையில் ஒருவர் மெல்லப் பேசுவது கேட்காத மாதிரி. ஆனால் அவர் ஒரே சொல்லை நாற்பது தடவை சொன்னால், அந்த நாற்பதையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி பார்த்தால், சந்தடி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், அந்தச் சொல் மட்டும் நிற்கும். "மூக்குலேருந்து மூளைக்குப் போற பாதை முழுக்க அடைபடல. ஒரு இழை உயிரோட இருக்கு. உங்களுக்கு உணர்ற அளவுக்குப் பலம் இல்ல, அவ்வளவுதான். திரும்ப வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்த மேடு உள்ளவங்களுக்கு இல்லாதவங்களைவிட வாய்ப்பு அதிகம்."

"இதுல ஒண்ணு வேடிக்கையா இருக்கு" என்றாள் மனைவி. "மணக்குதுன்னு பொய் சொன்னார். மணக்கலைன்னு உண்மை சொன்னார். இப்ப அந்த உண்மையும் முழு உண்மையில்லைங்கறீங்க."

பரிசோதகர் முதலில் சிரித்தாள். பிறகு மருத்துவரும் சிரித்துவிட்டார்.

நான்கு சின்னப் புட்டிகள் கொடுத்தார்கள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றையும் அரை நிமிடம் முகர வேண்டும். முகரும்போது அது எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். உடற்பயிற்சி மாதிரிதான், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

அதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. அடுத்த நாள் மூக்கர் பிரிவுத் தலைவியின் அறைக்குப் போய்ப் பாராட்டுக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தலைவி கடிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"உங்களை உதாரணமாக் காட்டி எட்டுப் பேரைத் திட்டியிருக்கேன்" என்றார்.

"தெரியும் மேடம். அதுல ரெண்டு பேர் இன்னும் என்கூடப் பேசறதில்ல."

தலைவி பதினான்கு மாதப் பதிவேட்டை வரவழைத்தார். ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒரு வீடுகூடக் கருவி வைக்காமல் விடப்படவில்லை, ஓர் அளவுகூட எழுதாமல் இல்லை. "முன்னாடியே சொல்லியிருக்கணும். அது தப்பு" என்றார், குரல் உயராமல். "ஆனா கடிதம் தப்பில்ல. எடுத்துட்டுப் போங்க." திங்கட்கிழமையிலிருந்து அவர் தெருவுக்குப் போக வேண்டாம் என்றும், அவசரத் தொலைபேசியில் உட்கார வேண்டும் என்றும் முடிவானது.

மூக்கருக்கு முதலில் அது ஓரங்கட்டுவதாகத்தான் பட்டது. ஒரு வாரத்தில் எண்ணம் மாறியது. கூப்பிடுகிற எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "ஏதோ நாத்தம் வருது." அந்த ஏதோவுக்குள் என்னென்ன இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? சன்னலைத் திறந்தீர்களா, எந்த சுவிட்சையும் தொடாதீர்கள் என்று முதலில் சொல்லி எல்லோரையும் வெளியே வரவைத்துவிட்டு, பிறகு கேட்பார். அழுகின வெங்காயம் மாதிரியா, சாக்கடை மாதிரியா? தரையோரம் அதிகமா, மேலேயா? காத்தடிச்சதும் குறைஞ்சுதா? அனுப்புகிற வண்டி சரியான இடத்துக்குச் சரியான சாமானோடு போய் நின்றது.

ஒரு மத்தியானம் ஒரு மனிதர் எரிச்சலோடு கூப்பிட்டார். "என் வீட்டுக்காரி நச்சரிக்கிறா, அதான் கூப்பிட்டேன். எனக்கு ஒரு நாத்தமும் தெரியல."

"நீங்க எப்பக் கடைசியா ஒரு மணத்தைக் கவனிச்சீங்க சார்?" என்று கேட்டார் மூக்கர்.

எதிர்முனை யோசித்தது. "அது... போன மழைக்காலத்துல எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது."

"உங்க வீட்டுக்காரம்மா சொல்றதை நம்புங்க. ரெண்டு பேரும் இப்பவே வெளிய வாங்க. போனையும் வெளிய எடுத்துட்டு வந்து பேசுங்க."

அடுப்புக்குப் பின்னால் குழாய் இணைப்பு விட்டிருந்தது. நல்ல கசிவு. வேலையை முடித்துவிட்டு வந்த கூட்டாளி தொலைபேசி மேசையருகே வந்து நின்று, "எப்படி இங்கேருந்தே கண்டுபிடிச்சீங்க?" என்றார். மூக்கர் அந்த மனிதருக்கு மருத்துவமனை எண்ணைக் கொடுத்தது பற்றி மட்டும் சொன்னார்.

காலையும் மாலையும் புட்டிப் பயிற்சி நடந்தது. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வாள். ஐந்து மாதம் ஒன்றும் இல்லை. ஆறாவது மாதம் ஒரு காலையில் காபிக் கோப்பையை வாயருகே கொண்டுபோன மூக்கர் அப்படியே கீழே வைத்தார். ரப்பர் செருப்பை அடுப்பில் போட்ட மாதிரி ஒரு நாற்றம். மறுபடி எடுத்துப் பார்த்தார். சந்தேகமில்லை, காபிதான் நாறியது. அடுத்தது சோப்பு நாறியது. அவளுடைய முகப் பவுடர் நாறியது. பயந்துபோய்ப் பரிசோதகரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"எல்லாம் நாறுதும்மா."

"ரொம்பவா?"

"குமட்டுது."

"ரொம்ப நல்லது சார்" என்றாள் அவள், மனம் நிறைந்து. அறுந்த இழைகள் மறுபடி முளைக்கும்போது முதலில் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும், போகப் போகச் சரியாகும், நிறையப் பேருக்கு இப்படித்தான் தொடங்கும் என்றாள். அடுத்த மாதம் மறுபடி கம்பி ஒட்டிப் பார்த்தார்கள். இடது மேடு இரட்டிப்பாகியிருந்தது. வலது கோட்டிலும் ஒரு நெளிவு. வெறும் காற்றுக்கு மூக்கர் பூஜ்யம் போட்டார். ரோஜாவுக்கு மூன்று போட்டார், யோசித்து, அழித்து, இரண்டரை போட இடமிருக்கிறதா என்று கேட்டார்.

அன்று மனைவிக்கு விடுமுறை. திரும்பும் வழியில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தார்கள். அவரால் சகிக்க முடிகிற ஒரு சோப்பைக் கண்டுபிடித்தாக வேண்டும். மூக்கர் வரிசையாக எடுத்து முகர்ந்தார், முகத்தைக் கோணினார், வைத்தார். கடைப்பெண் தள்ளி நின்று கவனித்துக்கொண்டே இருந்தாள். பதினான்காவது சோப்பை அவர் திரும்பத் திரும்ப முகர்ந்தார்.

"என்ன மணம்?" என்றாள் மனைவி.

"தெரியல. ஆனா நாறல."

நான்கு வாங்கிக்கொண்டார்கள். பேருந்தில் இரண்டு பேர் இருக்கையில் சன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். வேறொருவர் ஓட்டுகிற வண்டியில் போவது அவளுக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"பிரேக்கை இப்படியா மிதிப்பாங்க?" என்றாள்.

மூக்கர் சோப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "மெல்லப் பேசு, கேட்டுடப் போகுது" என்றார்.

"கேக்கட்டுமே" என்றாள் அவள்.